கேளுங்க டீச்சர்: மாநாட்டுக்குக் கிளம்பும் பிள்ளைகள்

காலநிலை மாற்றம் பற்றிய மாணவர் மாநாடுகளுக்குப் பள்ளியிலிருந்து பிள்ளைகளை அழைத்துப்போவது பற்றி இரண்டு இதழ்களுக்கு முன்னால் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவே இல்லை. அம்மா, அப்பா, டீச்சர், மாணவர், ஒரு தாத்தா என்று எல்லாத் தரப்பிலிருந்தும் வந்திருக்கிறது, அதில் பாதி கோபம். சரி, இந்த இதழ் முழுக்க அதற்கே ஒதுக்கிவிடலாம்.

"டீச்சர், என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் மாவட்ட அளவில் தேர்வாகி, மாநில மாநாட்டுக்குப் போகணும். மூணு நாள் வெளியூர். 'பரீட்சை நேரத்துல இது எதுக்கு, ஒரு சர்டிஃபிகேட்டுக்கா?' என்கிறார் வீட்டுக்காரர். அனுப்பலாமா?"
— ஓர் அம்மா, மயிலாடுதுறை

அனுப்புங்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஆனால் உங்கள் வீட்டுக்காரர் கேட்பதிலும் தப்பில்லை. அந்த மாநாடு என்னவென்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993-லிருந்து நடக்கிறது. மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை ஆதரவில் நடப்பது. தமிழ்நாட்டில் இதைத் தோளில் தூக்கிச் சுமந்தது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். 10 வயதிலிருந்து 17 வயது வரை யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். மாடல் செய்து பட்டன் அழுத்தி விளக்கு எரிய வைக்கும் கண்காட்சி இல்லை இது. பிள்ளைகள் தங்கள் ஊரில் ஒரு பிரச்சினையை எடுத்து, அளந்து, நாலு பேரைக் கேட்டு, கணக்குப் போட்டு, அதை எட்டு நிமிஷத்தில் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் ஒரு குழுவில் ஐந்து பேர் வரை இருந்தார்கள், பிறகு இரண்டு பேர் என்று குறைத்துவிட்டார்கள். 2014, 2015 இரண்டு வருஷமும் 'வானிலையும் காலநிலையும்' என்பதுதான் பொதுத் தலைப்பு. 2014-ல் தேசிய மாநாடு பெங்களூருவில் நடந்தபோது பிள்ளைகளுக்குத் துணையாக நானும் போயிருந்தேன்.

அங்கே நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எங்களோடு வந்த ஒரு பெண், டெல்டா கிராமத்துப் பிள்ளை, ஐப்பசி கார்த்திகை இரண்டு மாதமும் தன் வீட்டு வாசலில் மழை அளந்திருந்தாள். சாப்பாட்டு வரிசையில் அவளுக்கு முன்னால் நின்றது ராஜஸ்தான் பையன். இருவருக்கும் பொதுவான மொழி கிடையாது, அரைகுறை இங்கிலீஷும் விரலும்தான். எவ்வளவு மழை என்று அவன் கேட்க, இவள் நோட்டைத் திறந்து காட்டினாள். அவன் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு 'ஒரு வருஷத்துக்கா?' என்று கேட்டான். இவள் ஒரு விரலைக் காட்டி, ஒரு நாள் என்றாள். அவன் நம்பவில்லை. தட்டில் சாம்பார் ஆறிக்கொண்டிருக்க, இரண்டு பேரும் சுவரோரம் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். நான் பாடப்புத்தகத்தில் இருபது வருஷம் நடத்திய பருவமழைப் பாடம் அந்தப் பத்து நிமிஷத்துக்கு ஈடாகாது.

பரீட்சை விஷயம்: தேதி நிஜமாகவே மோதினால் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள், பெரும்பாலும் மாற்று ஏற்பாடு செய்வார்கள். அப்புறம் கிளம்பும் முன் கேட்க வேண்டியவை சில உண்டு. பெண் பிள்ளைகளோடு பெண் ஆசிரியர் ஒருவர் கட்டாயம் வருகிறாரா, இரவில் தங்குவது எங்கே, கழிவறை வாசலுக்கு விளக்கு இருக்கிறதா (சிரிக்காதீர்கள், இதுதான் முதல் கேள்வி), பொறுப்பாசிரியர் போன் எண் என்ன. பையில் நாப்கின் ஒரு பாக்கெட் போட்டுவிடுங்கள், தேதி இல்லாவிட்டாலும். வெளியூர், புதுத் தண்ணீர், பதற்றம் எல்லாம் சேர்ந்து எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

"அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். காலநிலை மாற்றம் என்ற தலைப்பில் பிள்ளைகளை என்ன ஆய்வு செய்யச் சொல்வது? தெர்மாகோல் பூமிக்கு வாயில் தெர்மாமீட்டர் வைத்து மாடல் செய்வதைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை. வசதியும் கிடையாது."
— ஓர் ஆசிரியர், ராமநாதபுரம் மாவட்டம்

அந்தத் தெர்மாகோல் பூமியை நானும் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டேன் சார். கூடவே தலையில் சாய்வாக ஒரு கட்டு, நெற்றியில் ஐஸ் பை!

நீங்கள் இருப்பது கடலோர மாவட்டம். உங்கள் பிள்ளைகளின் வீட்டுக் கிணறுகளே ஆய்வகம். கடற்கரையிலிருந்து அரை கிலோமீட்டர், ஒன்று, இரண்டு, ஐந்து என்று தள்ளித் தள்ளி இருக்கிற கிணறு, கைப்பம்பு பத்தைத் தேர்ந்தெடுங்கள். சில நூறு ரூபாயில் டிடிஎஸ் மீட்டர் கிடைக்கிறது, தண்ணீரில் முக்கினால் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும். வாரம் ஒரு முறை, ஒரே கிழமை, ஒரே நேரம். கூடவே அந்த வீட்டுப் பெரியவரிடம் 'இந்தத் தண்ணீரில் எப்போதுவரை பருப்பு வெந்தது?' என்று கேட்கச் சொல்லுங்கள். உப்பும் சுண்ணாம்பும் ஏறிய தண்ணீரில் பருப்பு சரியாக வேகாது. நம் வீட்டு ஆத்தாக்களுக்கு மீட்டர் இல்லாமலே தெரிந்த விஷயம் அது, அதில் வருஷக் கணக்கும் கிடைக்கும்.

ஆனால் ஒன்று. கிணறு உப்பாகியிருந்தால் உடனே 'காலநிலை மாற்றத்தால் கடல் உள்ளே வந்துவிட்டது' என்று முடிவெழுத விடாதீர்கள். மோட்டார் போட்டு நல்ல தண்ணீரை இறைத்துத் தள்ளினாலும் கடல் நீர் அடியில் உள்ளே வரும். பக்கத்தில் இறால் பண்ணை இருக்கலாம், உப்பளம் இருக்கலாம், கண்மாய் தூர்ந்து போய் ஊற்று செத்திருக்கலாம், மூணு வருஷம் மழையே இல்லாமல் இருந்திருக்கலாம். கடல்மட்டம் உயர்வதும் இதில் ஒன்று, அவ்வளவுதான். இத்தனை காரணங்களையும் ஒரு பிள்ளை வரிசையாகச் சொல்லி, 'இதில் எது எவ்வளவு என்று எங்களால் பிரிக்க முடியவில்லை' என்று சொன்னால், நான் நடுவராக இருந்தால் அந்தப் பிள்ளைக்குத்தான் கூடுதல் மதிப்பெண்.

கடலோரம் வேண்டாம் என்றால் வீட்டுக் கூரை. தகரம், ஓடு, கீற்று, கான்கிரீட் என நாலு வகைக் கூரைக்கு அடியில் ஒரே உயரத்தில் தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டு மதியம் இரண்டு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் குறிப்பது. மதியத்தில் தகரம்தான் கொதிக்கும், அது எல்லாருக்கும் தெரியும். இரவில்தான் வேடிக்கை: தகரம் சீக்கிரம் ஆறிவிடும், கான்கிரீட் பகலில் குடித்த வெயிலை ராத்திரி முழுக்கக் கக்கிக்கொண்டிருக்கும். ஒரு மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடித்து, அடிக்காத மாடியோடு ஒப்பிட்டால் ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போகும். ஊர் சூடாகும்போது அந்தச் சூட்டில் யார் அதிகம் வேகிறார்கள் என்பது பிள்ளைகளுக்குக் கூரையைப் பார்த்தே புரிந்துவிடும், நாம் பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை.

வேலையைத் தொடங்கும் முன் எல்லாத் தெர்மாமீட்டரையும் ஒரே வாளித் தண்ணீரில் பத்து நிமிஷம் போட்டுப் பாருங்கள். மலிவு விலையில் வாங்கியவை ஒன்றுக்கொன்று ஒரு டிகிரி, இரண்டு டிகிரி வித்தியாசம் காட்டும். அந்த வித்தியாசத்தைக் குறித்து வைத்துக் கழித்துக்கொள்ள வேண்டும். ஒரு வருஷம் நான் இதை மறந்துவிட்டேன். 'ஓட்டு வீடு கீற்று வீட்டைவிட ஒன்றரை டிகிரி சூடு' என்று என் பிள்ளைகள் மேடையில் முழங்கிவிட்டு வந்த பிறகுதான் அந்தக் கோளாறு தெர்மாமீட்டருடையது என்று தெரிந்தது. இன்னொன்று, சிவப்புச் சாராயம் ஏறுகிற தெர்மாமீட்டர் போதும், பாதரசம் வேண்டாம். உடைந்தால் பிள்ளைகள் உருட்டி விளையாடும்.

முப்பது நாள் அளந்துவிட்டுப் 'பருவநிலை மாறிவிட்டது' என்று எழுதுவது இன்னொரு வழக்கமான தப்பு. இன்று மழை, நாளை வெயில் என்பது வானிலை. ஒரு ஊருக்கு 30 வருஷக் கணக்கைச் சேர்த்துச் சராசரி எடுத்தால்தான் காலநிலை. பழைய கணக்குக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். தாலுகா ஆபீஸில் மழைமானி இருக்கிறது, பதிவேடும் இருக்கும். பள்ளி லெட்டர்பேடில் ஒரு கடிதம் எழுதிப் பிள்ளைகளையே கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் அந்தப் பதிவேட்டைத் தேடி எடுக்க எங்களை நாலு முறை நடக்கவிட்டார்கள், ஐந்தாம் முறை அந்த அலுவலரே ஆர்வமாகி உட்கார்ந்து படித்துக் காட்டினார்.

"நான் ஒன்பதாம் வகுப்பு. மாநாட்டில் நடுவர் 'ஓசோன் ஓட்டையால்தானே பூமி சூடாகிறது?' என்று கேட்டார். நான் ஆமாம் சார் என்றேன். வெளியே வந்ததும் இன்னொரு பள்ளிப் பசங்க சிரித்தார்கள். நான் சொன்னது தப்பா டீச்சர்?"
— ஒரு மாணவன், திண்டுக்கல்

தப்புதான் கண்ணு, ஆனால் அந்த நடுவர் உன்னை மடக்கவே அப்படிக் கேட்டிருப்பார். பெரியவர்கள் பாதிப் பேருக்கு இன்றைக்கும் இந்தக் குழப்பம் உண்டு, அதனால் சிரித்தவர்களைக் கண்டுகொள்ளாதே.

ஓசோன் படலம் வானத்தில் வெகு உயரத்தில் இருந்துகொண்டு சூரியனின் புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது. பழைய ஃபிரிட்ஜ், ஏசி, ஸ்பிரே டப்பாக்களில் இருந்த குளோரோ ஃபுளோரோ கார்பன் அதை அரித்தது. 1987-ல் மான்ட்ரியல் ஒப்பந்தம் போட்டு உலகம் முழுக்க அந்த வாயுவைப் படிப்படியாக நிறுத்தினார்கள், படலம் மெல்ல மெல்லத் தேறி வருகிறது. பூமி சூடாவது வேறு கதை. நிலக்கரி, பெட்ரோல், டீசல் எரிப்பதால் வரும் கார்பன் டை ஆக்சைடும், மாடு, வயல், குப்பைமேட்டிலிருந்து வரும் மீத்தேனும் தரையிலிருந்து மேலே போக வேண்டிய வெப்பத்தைப் போகவிடாமல் பிடித்து வைத்துக்கொள்கின்றன. கம்பளி போர்த்திக்கொண்டு படுப்பது மாதிரி.

அடுத்த முறை அந்தப் பசங்களைப் பார்த்தால் நீ ஒன்று கேள்: 'ஓசோனை அரித்த அதே வாயு கம்பளி வேலையும் செய்யுமா, செய்யாதா?' செய்யும், கார்பன் டை ஆக்சைடைவிடப் பல ஆயிரம் மடங்கு பலமாக. இரண்டு கதைக்கும் நடுவில் உள்ள ஒரு முடிச்சு அது.

இன்னொன்றும் கேட்பார்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். 2004 சுனாமிக்குக் காலநிலை மாற்றம் காரணமில்லை. சுமத்ரா பக்கம் கடலுக்கடியில் வந்த நிலநடுக்கம்.

"எங்கள் காலத்திலும் வெயில் கொளுத்தியது, புயல் வந்தது. 64-ல் தனுஷ்கோடியே போனது. அப்போது யார் மாநாடு போட்டார்கள்? பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோய்ப் பயமுறுத்தி அனுப்புகிறீர்கள்."
— ஒரு தாத்தா, பரமக்குடி

ஐயா, நீங்கள் சொல்வது நிஜம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி போனபோது காலநிலை மாற்றம் என்ற சொல்லே நம் பக்கம் கிடையாது. வங்காள விரிகுடா எப்போதுமே புயல் பிறக்கும் கடல்தான், எந்தப் புயல் வந்தாலும் அதன் தலையில் காலநிலை மாற்றம் என்று எழுதி ஒட்டுகிறவர்களோடு எனக்கும் சண்டை உண்டு.

ஆனால் உங்கள் காலத்துக் காற்றும் இப்போதைய காற்றும் ஒன்றல்ல. ஹவாய்த் தீவில் மௌனா லோவா என்ற எரிமலையின் மேல் உட்கார்ந்து 1958-லிருந்து காற்றில் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு என்று அளந்துகொண்டே வருகிறார்கள். சார்லஸ் கீலிங் என்பவர் தொடங்கிய வேலை. அப்போது பத்து லட்சத்தில் 315 பங்கு. தனுஷ்கோடி போன வருஷம் 320-க்குப் பக்கம். இப்போது 420-ஐத் தாண்டியாகிவிட்டது. உலகம் ஒரு டிகிரிக்கு மேல் சூடாகியிருக்கிறது, ஒவ்வொரு டிகிரிக்கும் காற்று ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைத் தாங்கும். தாங்குகிற ஈரம் கூடினால் கொட்டும்போதும் கூடுதலாகக் கொட்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்ததே, அந்த மாவட்டத்துக்குப் பல வருஷங்களில் முழு வருஷத்துக்குமே அவ்வளவு கிடைக்காது. அந்த ஒரு மழைக்கு இதுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. பகடையில் ஆறு விழுவது எப்போதும் உண்டு. இப்போது ஆறு கூடுதலாக விழுகிற மாதிரி பகடையைக் கொஞ்சம் தேய்த்துவிட்டோம் என்கிறேன்.

பயமுறுத்துவது பற்றி நீங்கள் சொன்னதைத்தான் அடுத்த கடிதமும் கேட்கிறது.

"ஏழாம் வகுப்புப் படிக்கும் மகன் மாநாட்டுக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து சரியாகத் தூங்குவதில்லை. '2050-ல நம்ம ஊரு கடலுக்குள்ள போயிடுமாம்மா' என்று கேட்டு அழுகிறான். ஏன் அனுப்பினோம் என்றிருக்கிறது."
— ஓர் அம்மா, நாகப்பட்டினம்

இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது, உங்கள் மேல் இல்லை. மேடையில் ஏறி, சிவப்பு வரைபடம் ஒன்றைப் போட்டு, இன்னின்ன ஊர் மூழ்கும் என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, பொன்னாடை வாங்கிக்கொண்டு காரில் போய்விடுகிறவர்கள் மேல்.

அவனிடம் 'அதெல்லாம் சும்மா' என்று சொல்லாதீர்கள், நாளைக்கே வேறு இடத்தில் படிப்பான், அப்புறம் உங்களிடம் கேட்பதை நிறுத்திவிடுவான். இருக்கிறதைச் சொல்லுங்கள். போன 100 வருஷத்துக்கும் சற்றுக் கூடுதலான காலத்தில் உலகக் கடல்மட்டம் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது, ஒரு சாண் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐ.நா. அமைத்த ஐபிசிசி என்ற விஞ்ஞானிகள் குழு 2100-க்குள் இன்னும் சுமார் 30 சென்டிமீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை உயரலாம் என்கிறது. முப்பதா, நூறா என்பது நாம் இனி எவ்வளவு புகை விடுகிறோம் என்பதைப் பொறுத்தது. எனவே 2050-ல் ஒரு நாள் காலையில் நாகப்பட்டினம் காணாமல் போகாது. ஆனால் புயல் வரும்போது கடல் முன்னைவிட உள்ளே வரும், வயலில் உப்பு ஏறும், தாழ்ந்த பகுதிகளில் தண்ணீர் வடிய நாளாகும். அதற்கு மேடு, வடிகால், அலையாத்திக் காடு, முன்கூட்டியே எச்சரிக்கை என்று செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன.

2018-ல் கஜா புயல் உங்கள் பக்கம்தான் கரையேறியது. அப்போது அவன் சின்னப் பிள்ளை, நினைவிருக்காது. அந்த ராத்திரி எங்கே போய்த் தங்கினீர்கள், யார் வந்து கூப்பிட்டார்கள், கரண்ட் வர எத்தனை நாளானது, தென்னை விழுந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று உட்கார்ந்து சொல்லுங்கள். பயப்படுகிற பிள்ளைக்கு, இதே வீட்டில் இதே ஆட்கள் ஒரு பெரிய புயலைக் கடந்து வந்த கதை வேண்டியிருக்கிறது. இரண்டு மூன்று வாரத்திலும் தூக்கம் சரியாகாவிட்டால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

"தனியார் பள்ளி. வெளிநாட்டில் நடக்கும் 'சர்வதேச மாணவர் காலநிலை உச்சி மாநாடு' என்று சொல்லி ஒரு பிள்ளைக்கு லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள். மேற்படிப்புக்கு உதவும் என்கிறார்கள். பணத்தைக் கட்டவா?"
— ஓர் அப்பா, கோயம்புத்தூர்

சுற்றுலா என்று நினைத்துக் கட்டுவதானால் கட்டுங்கள், பிள்ளைக்கு ஊர் பார்த்த சந்தோஷம் மிஞ்சும். மாநாடு என்று நினைத்துக் கட்டாதீர்கள்.

பள்ளியில் இதை மட்டும் கேளுங்கள்: என் பிள்ளை அங்கே எதைச் சமர்ப்பிக்கப் போகிறாள், எத்தனை நிமிஷம், யார் கேட்பார்கள்? பணம் கட்டியவர் எல்லாருக்கும் 'பிரதிநிதி' அட்டையும் சர்டிஃபிகேட்டும் உண்டு, தேர்வு எதுவும் கிடையாது என்றால் விஷயம் புரிந்துவிடும். நிகழ்ச்சி நிரலில் அரை நாள் கருத்தரங்கும் மூணு நாள் தீம் பார்க்கும் இருந்த ஒரு நோட்டீஸை நான் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். போதாததற்கு விமானத்தில் போய்க் கார்பனைப் பற்றிப் பேசிவிட்டு வருகிற கூத்து வேறு.

திருவண்ணாமலைப் பெண் வினிஷா உமாசங்கரை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தெருவில் கரி போட்டு இஸ்திரி போடுகிற வண்டிகளைப் பார்த்து, சூரிய சக்தியில் ஓடும் இஸ்திரி வண்டியை வடிவமைத்த மாணவி. சுற்றுச்சூழல் தீர்வுகளுக்குக் கொடுக்கும் எர்த்ஷாட் என்ற சர்வதேசப் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்று, 2021 நவம்பரில் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் பேசினார். அந்தக் கதை தொடங்கியது அவர் தெருவில் இருந்த கரி வண்டியில். உங்கள் மகளுக்கு உங்கள் தெருவில் என்ன கண்ணில் படுகிறது என்று முதலில் கேட்டுப் பாருங்கள், அதற்குக் காசு செலவில்லை.

"நாங்கள் நாற்பது பிள்ளைகளை பஸ்ஸில் 300 கிலோமீட்டர் அழைத்துப் போகிறோம். 'டீசலை எரிச்சுக்கிட்டுப் போய்ச் சுற்றுச்சூழலைக் காப்பாத்துறீங்களா' என்று ஒரு பெற்றோர் கேலி செய்தார். என்ன பதில் சொல்வது?"
— ஓர் ஆசிரியை, திருநெல்வேலி

கேலிக்குக் கணக்கால் பதில் சொல்லுங்கள், அதையே பிள்ளைகளுக்குப் பாடமாக்குங்கள். பஸ் லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் ஓடுகிறது என்று வையுங்கள், 300 கிலோமீட்டருக்கு 75 லிட்டர். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. மொத்தம் 200 கிலோ சொச்சம், நாற்பது பேருக்குப் பிரித்தால் தலைக்கு ஐந்து கிலோ. அதே தூரத்தை ஒரு பிள்ளையை மட்டும் ஏற்றிக்கொண்டு அப்பா காரில் ஓட்டினால், லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் கொடுத்தாலும் 20 லிட்டர் பெட்ரோல், 46 கிலோ. கேலி செய்த பெற்றோர் பிள்ளையைத் தினமும் எதில் கொண்டுவந்து விடுகிறார் என்று நான் கேட்க மாட்டேன், நீங்களும் கேட்காதீர்கள், பிள்ளைகள் கேட்டுவிடும்!

ரயில் இருந்தால் ரயில் இன்னும் நல்லது. பஸ்ஸானால் வாசலில் பெரிய எவர்சில்வர் தவலை, ஆளுக்கொரு டம்ளர். காலநிலை மாநாடு ஒன்றுக்குப் போய், வாசலில் பிளாஸ்டிக் சுற்றிய பூங்கொத்து, மேடையில் ஃப்ளெக்ஸ் பேனர், மேஜைக்கு மேஜை குட்டித் தண்ணீர் பாட்டில் என்று பார்த்து நொந்திருக்கிறேன். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1-லிருந்து தடை. எங்கள் பிள்ளைகள் சாப்பாட்டு இடைவேளையில் அந்தக் குட்டி பாட்டில்களை எண்ணி, மதியம் பேச வாய்ப்பு வந்தபோது அந்த எண்ணிக்கையையும் சொல்லிவிட்டார்கள். அரங்கம் கப்சிப். அடுத்த வருஷம் எங்களுக்கு அழைப்பு வந்தது, மேஜையில் மண்பானை இருந்தது.

"மாநாட்டிலிருந்து திரும்பினோம். பிரேயரில் கைதட்டினார்கள், அவ்வளவுதான், எல்லாம் முடிந்துவிட்டது. நாங்கள் அடுத்து என்ன செய்வது?"
— இரண்டு மாணவிகள், எட்டாம் வகுப்பு, தர்மபுரி

ஒரு இரண்டு லிட்டர் பாட்டில் எடுங்கள். மேல்பக்கத்தை வெட்டிக் கவிழ்த்துப் புனல் மாதிரி அதிலேயே சொருகுங்கள். அடிப்பக்கம் வளைவாக இருக்கும், அங்கே கூழாங்கல் போட்டு, நேரான பகுதி தொடங்கும் வரை தண்ணீர் ஊற்றி அங்கே சுழியம் என்று கோடு போடுங்கள். பக்கத்தில் ஸ்கேல் ஒட்டுங்கள். மரமோ சுவரோ மறைக்காத இடத்தில் காற்றில் விழாமல் வையுங்கள். தினம் காலை 8.30-க்குப் படித்துக் குறியுங்கள், வானிலை ஆய்வு மையமும் அந்த நேரத்துக்குத்தான் கணக்கு எடுக்கிறது. படித்ததும் தண்ணீரைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து வைக்க மறக்காதீர்கள், வெயில் காலத்தில் ஆவியாகிக் குறைந்திருக்கும்.

பள்ளி வாசலில் பழைய கரும்பலகை ஒன்று கேட்டு வாங்கி, நேற்று எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர் தண்ணீர். உங்கள் பள்ளி மொட்டை மாடி எத்தனை சதுர மீட்டர் என்று அளந்துவிட்டால், நேற்று மட்டும் எத்தனை குடம் சாக்கடைக்குப் போனது என்று பக்கத்திலேயே எழுதலாம். தர்மபுரியில் தண்ணீருக்கு நடக்கிற அம்மாக்கள் அந்தப் பலகையைத் தினமும் பார்த்துக்கொண்டு போனால், மழைநீர்த் தொட்டி கேட்டு நீங்கள் மனு எழுதும்போது கையெழுத்துக்கு அலைய வேண்டியிருக்காது. பள்ளியில் தேசிய பசுமைப் படை என்ற மாணவர் சுற்றுச்சூழல் மன்றம் இருக்கிறதா என்று பொறுப்பாசிரியரிடம் கேளுங்கள், பெயரளவில் இருந்தால் அதை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள். ஐப்பசி முடிந்ததும் உங்கள் எண்களை எனக்கு அனுப்புங்கள், இங்கேயே போடுகிறேன்.

"டீச்சர், சின்னக் கேள்விதான். என் பெண்ணுக்கு பஸ்ஸில் ஏறினாலே வாந்தி. மாநாடு கொடைக்கானலில். பிளாஸ்டிக் பை கொண்டுவரவே கூடாது என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள்!"
— ஓர் அம்மா, பெரியகுளம்

முன் சீட், ஜன்னலோரம், பார்வை ரோட்டின் மேல். கிளம்பும் முன் இரண்டு இட்லிக்கு மேல் வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். கையில் ஒரு எலுமிச்சம்பழம். மூடி போட்ட பழைய பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கொடுத்துவிடுங்கள், கழுவித் திரும்பக் கொண்டுவரலாம், பள்ளியும் ஒன்றும் சொல்லாது. மஞ்சப்பைப் பிரசாரத்துக்கு நான் முழு ஆதரவு, ஆனால் இதற்கு மட்டும் மஞ்சப்பை கொடுத்து அனுப்பிவிடாதீர்கள்.